பொறுப்பை ஒப்படைத்தல்: புதிய நிர்வாகிகளுக்கு ஒரு பாடம்

கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் தலைமைக்குப் புதிதாக வருபவரிடம் ஊக்கம் மிகுந்திருத்தல் இயல்பே. அவ்வூக்கம் சங்கத்திற்கு ஒரு செல்வமாகும். ஆயினும் அது அளவு கடந்து, அனைத்தையும் தாமே செய்தல் வேண்டும், தம் கண்படாமல் எதுவும் நடத்தலாகாது என்னும் எண்ணமாக மாறுமாயின், சங்கத்தின் வேலை தடைப்படும்; உடனுழைப்போரின் மனமும் தளரும். இக்குறையைத் தவிர்க்கும் வழியை ஆராய்வதே இம்மாதப் பாடம்.

1. குறை தோன்றும் விதம்

நெசவாளர் சங்கத்தின் தலைவர் பெரும்பாலும் தொழிலில் தேர்ந்தவராகவே இருப்பார். தறியில் அமர்ந்தவர் பாவு, ஊடை, அச்சு, விழுது ஆகிய யாவற்றையும் தம் கையாலேயே கவனித்துப் பழகியவர். ஓரிழை அறுந்தாலும் அவரே முடிதல் வேண்டும். அப்பழக்கத்தோடு தலைவர் நாற்காலியில் அமரும்போதுதான் இடர் தொடங்குகிறது. சங்கம் ஒற்றைத் தறியன்று. பல தறிகளின் கூட்டு. ஒருவர் கை அத்தனை தறிகளுக்கும் எட்டாது.

இதனை எழுதும் நானே இத்தவற்றைச் செய்தவன். பல ஆண்டுகள் தறியில் உழைத்தபின் ஒரு சங்கத்தின் தலைவனாகத் தெரிந்தெடுக்கப்பட்டேன். அதற்கு முன்பு நூல் இருப்பில் குறைவு காணப்பட்டிருந்தமையால், என் கையொப்பமின்றி ஒரு சிட்டம் நூலும் வெளிச்செல்லலாகாது என ஆணையிட்டேன். நூல் அறையின் சாவியை நானே வைத்துக்கொண்டேன். எழுத்தர் அளந்து வாங்கிய துணியை மீண்டும் நானே அளந்தேன். இவ்வாறு உழைப்பதே நேர்மை என்று நம்பினேன்.

தீபாவளிக்குச் சில வாரங்களே இருக்கையில், உறவினர் திருமணத்திற்காக மூன்று நாள் வெளியூர் சென்றேன். திரும்பி வந்தபோது சங்கத் திண்ணையில் நூலுக்காக உறுப்பினர் பலர் காத்திருந்தனர். அவர்களுள் முதியவளான ஒரு நெசவாளி, என்னைச் சிறுவயது முதல் அறிந்தவள், சினமின்றியே கேட்டாள்: “தம்பி, நீ தறியில் இருந்தபோது ஒருவன் பக்கத்தில் நின்றுகொண்டு, நான் சொன்னால்தான் நாடாவை எறிய வேண்டும் என்று சொல்லியிருந்தால், ஒரு முழமாவது நெய்திருப்பாயா?”

அவளுக்கு விடைகூற என்னால் இயலவில்லை. நெய்த துணிக்கே கூலி. நின்ற தறிக்குக் கூலியில்லை. நான் காத்த நூல் பத்திரமாகவே இருந்தது. ஆனால் அவள் வீட்டில் மூன்று நாள் கூலி போயிற்று. பண்டிகைக்கு முன் இழந்த கூலியைப் பின்னர் எந்தக் கையொப்பத்தாலும் ஈடுசெய்ய முடியாது.

2. ஒரு சிறு கணக்கு

120 தறிகள் உள்ள சங்கம் ஒன்றினை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு நெசவாளரும் பத்து நாளைக்கு ஒருமுறை நூல் வாங்க வருவதாகக் கொண்டால், நாளொன்றுக்குப் பன்னிருவர் வருவர். தலைவர் மூன்று நாள் இல்லையெனில் முப்பத்தாறு பேர் வெறுங்கையோடு திரும்புவர். தலைவர் ஊரில் இருந்தாலும், ஒவ்வொருவரும் அவருக்காக இரண்டு மணி நேரம் காத்திருப்பாராயின் நாளொன்றுக்கு இருபத்துநான்கு மணி நேர உழைப்பு வீணாகும். இந்நட்டம் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. ஆதலின் எவர் கண்ணிலும் படுவதில்லை.

3. முன்னோர் காட்டிய நெறி

இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் 1844-ஆம் ஆண்டு 28 பேர் கூடிக் கூட்டுறவுக் கடை தொடங்கினர். அவர்களுள் நெசவாளர் பலர் இருந்தனர். அந்தச் சிறிய கடையிலும் சரக்கு விற்க ஒருவரும் பணம் பெற மற்றொருவரும் அமர்த்தப்பெற்றனர். கணக்கைத் தணிக்கை செய்தலும் விதியாயிற்று. ஒருவரே எல்லாவற்றையும் காத்து நிற்றலின்றி, வேலையைப் பிரித்துப் பின்னர்க் கணக்கைப் பார்த்தலே அவர்கள் கண்ட முறை.

நம் நாட்டு ஏரிப் பாசனத்திலும் இந்நெறி உண்டு. எந்த வயலுக்கு எந்த முறையில் நீர் என்பதை ஊரார் கூடி முடிவு செய்வர். மடையைத் திறந்து நீர் பாய்ச்சுதல் நீர்க்கட்டியின் பொறுப்பு. ஒவ்வொரு நிலக்காரரும் மண்வெட்டியுடன் மடைக்குச் சென்றால், நீருக்கு முன் சண்டை பாயும். முறை தவறினால் ஊர்க்கூட்டத்தில் கேட்கலாம். மடையில் கைவைத்தல் ஆகாது.

வள்ளுவரும் ‘தெரிந்து தெளிதல்’ என்னும் அதிகாரத்தை முன்னும், ‘தெரிந்து வினையாடல்’ என்பதனைப் பின்னும் வைத்தார். ஆளை ஆராய்ந்து நம்புதல் முதற்படி. நம்பியவரிடம் வேலையை ஒப்படைத்தல் அடுத்த படி. முதற்படியைச் செவ்வனே செய்யாதவர்க்கே இரண்டாம் படியில் கால் நடுங்கும்.

4. ஒப்படைக்கும் முறை

வேலையை ஒப்படைக்கையில் நான்கினைத் தெளிவாகக் கூறுதல் வேண்டும்.

முதலாவது, பயன். “நூல் கேட்டு வருபவர் அன்றே நூலுடன் திரும்ப வேண்டும்” என்று முடிவைக் கூறுங்கள். அதனை எவ்வாறு செய்வது என்பதைச் செய்பவரே காணட்டும்.

இரண்டாவது, எல்லை. “பழைய பாக்கி இல்லாதவர்க்கு ஒரு பாவுக்கு உரிய நூலை நீங்களே கொடுக்கலாம், அதற்கு மேற்பட்டால் என்னைக் கேளுங்கள்.” எல்லை தெரிந்தவர் அதற்குள் அஞ்சாது நடப்பார்.

மூன்றாவது, கணக்குக் காட்டும் நாள். வாரம் ஒருநாள் இருப்புப் புத்தகத்தையும் நூல் அறையையும் ஒப்புநோக்குதல் போதும். மற்ற நாட்களில் இடையிடையே சென்று வினவற்க.

நான்காவது, அறிவிப்பு. இன்ன வேலை இன்னாருடையது என்பதை உறுப்பினர் அனைவரும் அறிதல் வேண்டும். இன்றேல் அவர்கள் எழுத்தரைக் கடந்து தலைவர் வீட்டு வாயிலுக்கே வருவர். தலைவரும் இரக்கத்தால் தாம் கொடுத்த அதிகாரத்தைத் தாமே பறித்துவிடுவார்.

5. பிழை நேரும்போது

ஒப்படைத்த சில நாட்களில் பிழை ஒன்று நேர்வது உறுதி. 40-ஆம் நம்பர் நூல் கேட்டவருக்கு 60-ஆம் நம்பர் நூல் சென்றுவிடும். அன்றுதான் தலைவருக்குச் சோதனை. சினந்து சாவியைத் திரும்பப் பெற்றால், அவ்வெழுத்தர் இனி எதனையும் தாமாகச் செய்யார். அதற்கு மாறாக, “இது எவ்வாறு நேர்ந்தது? மீண்டும் நேராதிருக்க என்ன செய்யலாம்?” என்று கேட்டால், ஒவ்வொரு நம்பருக்கும் ஒவ்வொரு நிறச் சீட்டுக் கட்டலாம் என அவரே கூறுவார். தாமே கண்ட முறையை அவர் ஒருபோதும் கைவிடார்.

6. ஒப்படைக்கலாகாதவை

பொறுப்பைப் பகிர்தல் வேறு. பொறுப்பைக் கைகழுவுதல் வேறு. இருப்பைச் சரிபார்த்தல், தணிக்கைக் குறைகளுக்கு விடையளித்தல், உறுப்பினரின் முறையீட்டைக் கேட்டல், கூலி விகிதம் போன்றவற்றைக் குழுவின் முன் வைத்தல் ஆகியன தலைவரின் கடமைகளே. படிக்காத தாளில் கையொப்பமிடும் தலைவரும் சங்கத்தைக் கெடுப்பார். எல்லாத் தாளிலும் தாமே கையொப்பமிட விரும்பும் தலைவரும் கெடுப்பார்.

அன்று மாலையே நூல் அறைச் சாவியை எழுத்தரிடம் கொடுத்தேன். முதல் வாரம் எனக்கு உறக்கம் வரவில்லை. வார இறுதியில் இருப்பை எண்ணினேன்; சரியாகவே இருந்தது. அதன்பின்னரே, வெளியூர் விற்பனைக்கு வழி தேடவும், இளைஞர் இருவருக்குக் கணக்கு பழக்கவும் எனக்கு ஓய்வு கிட்டியது. தலைவர் இல்லாத நாளிலும் தறிகள் ஓடுமாயின், அச்சங்கமே நன்கு நடத்தப்படும் சங்கம் என்று அறிக.

கலந்துரையாடற்குரிய வினாக்கள்

1. உங்கள் சங்கத்தில் தலைவரின் கையொப்பத்திற்காக அன்றாடம் காத்திருக்கும் வேலைகள் யாவை?

2. அவற்றுள் எவற்றை எந்த எல்லைக்குள் பிறரிடம் ஒப்படைக்கலாம்?

3. தலைவர் பத்து நாள் வெளியூர் சென்றால் நின்றுபோகும் வேலை எது? அதனை இன்று யாருக்குக் கற்பிக்கலாம்?