பொதுவாயிலும் தனிவாயிலும்

பெயர்களைப் பொதுப்பெயர் என்றும் சிறப்புப்பெயர் என்றும் பிரித்துக் கூறுதல் நம் இலக்கண நூலாரின் வழக்கு. மரம் என்பது பொது. பனை என்பது சிறப்பு. பறவை என்பது பொது. மரங்கொத்தி என்பது சிறப்பு. பொதுப்பெயரால் அழைத்தால், யாம் எதனைக் கருதினோம் என்பதைக் கேட்போன் பின்னும் ஆராய்ந்தே அறிதல்வேண்டும். சிறப்புப்பெயரால் அழைப்பின் அவ்வாராய்ச்சி வேண்டுவதில்லை. இச்சிறு வேற்றுமையே இக்காலத்துக் கணிப்பொறித் தொழிலில் ஒரு பெரிய மாறுதலுக்குக் காரணமாயிற்று. அம்மாறுதல் யாது, அஃது ஏன் நிகழ்ந்தது, அதனால் எளியோர்க்கு நேரக்கூடிய இடர் யாது என்பவற்றை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

சவ்வாது மலையடிவாரத்திலுள்ள ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமைதோறும் ஆட்டுச்சந்தை கூடுவதை நம் வட்டாரத்தார் நன்கறிவர். அத்தகைய சந்தை ஒன்றற்கு வாயில் ஒன்றே என்று வைத்துக்கொள்வோம். விற்போரும் வாங்குவோரும் அவ்வழியே வருவர். காவலன் ஒவ்வொருவரையும் நிறுத்தி, 'நீ யார், எவரை நாடி வந்தாய்' என்று வினவுவான். சாதாரண நாளில் இதனாற் குறையொன்றுமில்லை. பண்டிகைக்கு முந்திய வாரத்தில் ஒரு வண்டி வாயிலிற் சிக்கினாலோ, அதனோடு தொடர்பில்லாத நூறு பேரும் வெயிலில் நிற்கவேண்டியதே. பொதுவாயிலின் நன்மையும் தீமையும் இவ்வொரு காட்சியில் அடங்கும்.

இனி, ஆம்பூரில் பாதரட்சை செய்து பிறநாடுகளுக்கு அனுப்பும் ஒரு தொழிற்சாலையை உதாரணமாகக் கொள்வோம். அதன் சரக்குக் கணக்கு ஒரு மென்பொருளில் இருக்கும். வாங்குவோர் எழுதும் விசாரணைகள் வேறொரு கம்பெனியாரின் மென்பொருளில் வந்து சேரும். சரக்கின் படங்களும் பத்திரங்களும் மற்றொருவரின் சேமிப்பில் வைக்கப்பெறும். இம்மூன்றும் மனிதர் கைபடாமல் தம்முட் பேசிக்கொள்ளுமாறு அமைப்பதே 'இன்டகிரேஷன்' எனப்படும் மென்பொருளிணைப்பு. ஒரு மென்பொருள் மற்றொன்றனை நாடிச்சென்று தட்டும் முகவரியைத் தொழிலாளர் 'எண்ட்பாயிண்ட்' என்பர். யாம் அதனை வாயில் என்போம். வாடிக்கைக்காரர் அனைவரும் ஒரே முகவரியைத் தட்டுவாராயின் அது பொதுவாயில். ஒவ்வொருவர்க்கும் அவரவர் பெயரைத் தாங்கிய முகவரி கொடுக்கப்படின் அது தனிவாயில். இரண்டிலும் இரகசியச் சாவி காட்டியே உட்புகவேண்டும். ஆயினும், பொதுவாயிலில் வந்தவர் இன்னார் என்பது உள்ளே நுழைந்து சாவியை ஆராய்ந்த பின்னரே தெரியும். தனிவாயிலில் முகவரியே அதனைத் தெரிவித்துவிடும்.

பழைய பொதுவாயில்கள் பேதைமையால் அமைந்தன அல்ல, சிக்கனத்தால் அமைந்தன. வலைப்பின்னலின் தொடக்கத்தில் எல்லாக் கணிப்பொறிகளின் பெயர்களும் ஒரே பட்டியலில் எழுதப்பட்டு, யாவரும் அதனைப் படியெடுத்து வைத்துக்கொண்டனர். 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் என்பார் டி.என்.எஸ். என்னும் பெயர்முறையை வகுத்த பின்னரே, பெயர் வைக்கும் உரிமை அவரவர்க்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. எனினும் முதற்காலத்து எச்.டி.டி.பி. முறையில், தட்டுவோன் தான் எப்பெயரை நாடி வந்தான் என்பதைச் சொல்லவேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆதலின் ஒரே எண்முகவரியில் பல பெயர்களைக் குடியேற்றுதல் அரிதாயிற்று. 1997-ல் வெளிவந்த 1.1 பதிப்பு, ஒவ்வொரு வேண்டுகோளிலும் பெயரைக் குறித்தல்வேண்டும் என விதித்தது. மறைகுறியிட்ட இணைப்புக்களிலும் அவ்வாறு குறிக்கும் வழி 2003-ல் ஏற்பட்டது. இதன்பின்னர்த் தனிவாயில் வைப்பது செலவு மிகுந்த செயலாக இல்லை.

தனிவாயிலை நாடுவதற்குக் காரணம் மூன்று. முதலாவது, ஒருவர் செய்யும் நெரிசல் மற்றவரைத் தாக்காதிருத்தல். இரண்டாவது, ஒருவரின் தரவு எந்நாட்டில் வைக்கப்பட்டுளதோ அந்நாட்டுக்கே வேண்டுகோளை நேரே செலுத்துதல். மூன்றாவது, ஒரு வாடிக்கைக்காரரை ஒரு சர்வரிலிருந்து மற்றொன்றற்குக் குடிமாற்றினாலும் அவர் முகவரி மாறாதிருத்தல்.

இம்மூன்றாவது காரணத்தை நம் மாவட்ட வரலாறே விளக்கும். 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டது; ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்ததாயிற்று, ஒடுகத்தூர் வேலூரிலேயே நின்றது. மாவட்டப்பெயர் மாறியும், 1972-ல் ஏற்பட்ட பின்கோடு முறையில் ஆம்பூருக்குரிய எண் மாறாமையால் கடிதங்கள் வழிதவறவில்லை. முகவரி என்பது குடியிருப்பவனைச் சார்ந்திருத்தல்வேண்டும். அவனை ஆளும் கட்டிடத்தைச் சார்ந்திருத்தலாகாது என்பது இதனாற் பெறப்படும்.

சேல்ஸ்போர்ஸ் என்னும் அமெரிக்கக் கம்பெனியின் அனுபவமும் இதுவே. அதன் வாடிக்கைக்காரர் பலர், தாம் வைக்கப்பட்டிருந்த சர்வர்த் தொகுதியின் பெயரையே முகவரியாகத் தம் மென்பொருளில் எழுதிவைத்தனர்; தொகுதி மாறியபோது இணைப்பு அறுந்தது. ஆகவே வாடிக்கைக்காரரின் பெயரைத் தாங்கிய முகவரிகளை அக்கம்பெனி 2023-ன் பிற்பகுதியிற் கட்டாயமாக்கியது. நம் நாட்டிலும் இவ்விரு முறைகளைக் காணலாம். 2010-ல் சென்னையில் ஃபிரெஷ்டெஸ்க் என்னும் பெயரோடு தொடங்கிய ஃபிரெஷ்வொர்க்ஸ் கம்பெனி, ஒவ்வொரு வாடிக்கைக்காரர்க்கும் அவர் பெயரோடு கூடிய முகவரி கொடுக்கும். ஜோஹோ கம்பெனியில் இந்தியக் கணக்கிற்கு இந்திய முகவரியும், ஐரோப்பியக் கணக்கிற்கு ஐரோப்பிய முகவரியும் உள. இதனை இடைப்பட்ட நாட்டுவாயில் என்னலாம்.

இம்மாற்றத்தின் அருமையைக் காட்டுவது அமேசான் கம்பெனியின் எஸ் 3 என்னும் சேமிப்பு. அது 2006 மார்ச்சில் தொடங்கிற்று. அதன் பழைய முறையில் முகவரியின் தலைப்பகுதி யாவர்க்கும் ஒன்று. வாடிக்கைக்காரரின் பெட்டிப்பெயர் பின்னே வரும். புதிய முறையிற் பெட்டிப்பெயரே தலைப்பில் நிற்கும். பழைய முறை 2020 செப்டம்பர் 30-ஓடு நின்றுவிடும் என்று 2019-ல் அறிவித்தனர். உடனே எதிர்ப்பு எழுந்தது. எழுதியவர் விட்டுப்போன பழைய நிரல்கள் பல, அவற்றைத் திருத்துவோர் இலர். மேலும் மறைகுறியிட்ட இணைப்பில் தலைப்பெயர் வழிப்போக்கர்க்கும் தெரியும், பின்வரும் பகுதி தெரியாது. ஆதலின் தணிக்கைக்கு அஞ்சுவோர்க்குப் பொதுவாயிலே ஒரு மறைவிடமாயிருந்தது என்றும் சிலர் சுட்டினர். சில நாட்களுக்குள்ளாகவே, அத்தேதிக்குள் உண்டான பெட்டிகளுக்குப் பழைய வழி திறந்தேயிருக்கும் என்று திட்டம் திருத்தப்பட்டது. 2020-ல் அத்தேதியும் ஒத்திவைக்கப்பட்டது. பெருங்கம்பெனியாயினும், தான் ஒருமுறை கொடுத்த முகவரியை எளிதில் திரும்ப வாங்க இயலவில்லை என்பது குறிக்கத்தக்கது.

'பழைய வாயிலில் ஒரு பலகை தொங்கவிட்டுப் புதிய வழியைக் காட்டினாற் போதாதோ?' எனின், போதாது. 301, 302 என்னும் வழிமாற்றுக் குறிகளைக் கண்ட மென்பொருள்கள் பல, 'இதனைப் பெற்றுக்கொள்' என்று கொண்டுவந்த வேண்டுகோளை, 'அங்கே என்ன உளது' என்று கேட்கும் வேண்டுகோளாக மாற்றிவிடும். கொண்டுவந்த பொருள் வழியிலேயே நின்றுவிடும். 307, 308 என்னும் குறிகள் இக்குறையை நீக்குவன. ஆயினும் வேறு பெயருடைய வாயிலுக்குச் செல்லும்போது, பாதுகாப்பைக் கருதி இரகசியச் சாவியைக் கைவிட்டுச் செல்லும் மென்பொருள்களும் உள. அவை புதிய வாயிலில் வெறுங்கையோடு நின்று மறுக்கப்படும். தொழிற்சாலையின் காவலரணில் பழைய பெயருக்கு மட்டும் அனுமதி எழுதியிருந்தால், புதிய பெயர் வெளியே செல்லவும் ஒண்ணாது.

ஆகவே முறையாக மாற விரும்புவோர் செய்யத்தக்கன இவை. முதலாவது, பழைய வாயிலைத் தட்டுவோர் யாவர் என்பதைச் சர்வரின் பதிவேட்டிலிருந்து பெயர்பெயராகக் கணக்கெடுத்தல். இரண்டாவது, முகவரியை நிரலின் நடுவே பல இடங்களில் எழுதாது, அமைப்புக் கோப்பில் ஓரிடத்தில் மட்டும் வைத்தல். மூன்றாவது, புதிய வாயிலை முதலிற் சோதனைத் தரவால் தட்டிப் பார்த்தல். நான்காவது, இருவாயிலும் சிலகாலம் ஒருங்கே திறந்திருத்தல். ஐந்தாவது, இறுதி நாளுக்கு முன்னரே பழைய வாயிலைச் சில மணிநேரம் மூடித் திறந்து, உறங்குவோரை எழுப்புதல். கிட்ஹப் கம்பெனியார் 2021 ஆகஸ்டு 13-ல் கடவுச்சொல் வழியை மூடுமுன் இவ்வாறே சிலமுறை மூடித் திறந்தனர். அச்சிறு தடையைக் கண்டு கணக்கர் ஒருவர் விழித்துக்கொள்வராயின், பின்வரும் பெருந்தடை நீங்கும்.

இஃதெல்லாம் வல்லுநர் விஷயம், நமக்கென்ன என்று சிலர் கருதலாம். அவர்க்கு ஒன்று சொல்வோம். 2020 ஏப்ரல் 1-ல் சிண்டிகேட் பாங்கு கனரா பாங்குடன் இணைந்தது. பழைய ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடுகள் ஓராண்டுக்கு மேல் செல்லுபடியாயிருந்து, 2021 ஜூன் 30-ஓடு முடிந்தன. அக்குறியீடும் ஒரு வாயிலே. செய்தி அறிந்தோர் புதிய குறியீட்டை எழுதிக்கொடுத்தனர். பழைய பாஸ்புத்தகத்தின் முதற்பக்கத்தையே நம்பியிருக்கும் ஒரு மூதாட்டிக்கு, முதியோர் உதவித்தொகையேனும் மகன் அனுப்பும் பணமேனும் அப்பழைய குறியீட்டின்வழி வாராது. பாங்கிலும் பிழையில்லை, அனுப்பியவரிடத்தும் வஞ்சனையில்லை. இருந்தும் பணம் சேராது. தொழிற்சாலையிலும் இவ்வாறே. ஒரு நள்ளிரவில் இணைப்பறுந்தால் ஆரவாரம் ஒன்றும் எழாது. ஆர்டர் வரவில்லை என்றே காலையில் எண்ணுவர். வராதது ஆர்டரா, வழியா என்று தெளியுமுன் கப்பல் புறப்பட்டுவிடும். பெருங்கம்பெனிக்கு இதனைக் கவனிக்க ஆளுண்டு. பத்துப்பேர் வேலைசெய்யும் சிறு தோற்பட்டறைக்கோ, இணைப்பை அமைத்துக் கொடுத்த இளைஞன் வேறூர் சென்றபின் அதன் இரகசியமே தெரியாது.

ஆதலின் எம் துணிபு இது: தனிவாயில் நல்லது, அதனை நாடுதலும் தக்கதே. எனினும் பழைய வாயிலை மூடும் உரிமை, அதனை இன்னும் தட்டுவோர் இன்னார் என்று அறிந்தவனுக்கே உண்டு. ஒவ்வொருவர்க்கும் தனிப்பெயர் கொடுப்பதாகச் சொல்லிக்கொண்டு, பெயர் தெரியாத சிலரை வெளியே நிறுத்துதல் அம்மாற்றத்தின் நோக்கத்திற்கே மாறாகும்.

தமிழ் பயிலும் எம்மனோர்க்கும் இதிற் கடமையுண்டு. வாயில் மாறும் செய்தி பெரும்பாலும் ஆங்கிலத்தில், வல்லுநர்க்கே விளங்கும் சொற்களால், ஒருவரும் திறவாத மின்னஞ்சலில் வருகின்றது. 'இந்நாள் முதல் இம்முகவரி செல்லாது. இதனை இவ்வாறு மாற்றுக. ஐயம் நேரின் இவரைக் கேட்க' என்று மூன்று வரியில் தெளிந்த தமிழில் எழுதுவோர் இருப்பின், பல பட்டறைகள் தப்பும். நம் கல்லூரியினின்றும் கணிப்பொறித் தொழிலுக்குச் செல்லும் நண்பர்கள் நிரலைத் திருத்துமுன் இவ்வறிவிப்பை எழுதுவிப்பாராக. மொழி கற்ற நாமும் அதனை எழுதிக்கொடுக்க முன்வருவோமாக.