சகதிக்குச் சுண்ணாம்பு மருந்தல்ல

ஐப்பசியில் அடைமழை பிடித்ததும் கோழிப் பட்டி சகதியாகிவிடுகிறது. ஒரு மூட்டை சுண்ணாம்பு வாங்கி மேலே தூவுவதுதான் பலருக்கும் முதலில் தோன்றும் வைத்தியம். சுண்ணாம்பு கிடைக்காவிட்டால் பிளீச்சிங் பவுடர், அதுவும் இல்லையென்றால் அடுப்புச் சாம்பல். இந்த மூன்றையும் கோழி நடமாடும் ஈரத் தரையில் போடக்கூடாது என்பதே என் கட்சி. பட்டிச் சேற்றுக்குக் காரணம் தண்ணீர். அதை வரவிடாமல் திருப்பி, வந்ததை வடியவிட்டு, அதன் பிறகு காலடியில் எதைப் போடுவது என்று யோசிப்பதே சரியான வரிசை. கணக்கைப் பாருங்கள். பத்துக்குப் பத்து அடிக் கொட்டகைத் தகரக் கூரையில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 460 லிட்டர் தண்ணீர் விழும். தூம்பு இல்லாத கூரை அவ்வளவையும் பட்டிக்குள்ளேதான் கொட்டுகிறது. போதாததற்கு, முட்டைக் கோழி ஒன்று நாளுக்குச் சுமார் 100 கிராம் எச்சமிடும். அதில் முக்கால் பங்கு தண்ணீர். இந்தக் குழம்பின் மேல் நாலு கிலோ தூளைத் தூவி என்ன ஆகப்போகிறது?

சுண்ணாம்பு என்ற பெயரில் கடையில் கிடைப்பது எல்லாம் ஒரே பொருள் அல்ல என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். அரைத்த கிளிஞ்சலைத் தீவனத்தில் கலந்து கோழிக்கே கொடுக்கிறோம். அது முட்டை ஓட்டுக்கு நல்லது. அதே கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டால் நீற்றாத சுண்ணாம்பு. தண்ணீர் பட்டால் கொதிக்கும். ஈரக் காலையும் கண்ணையும் புண்ணாக்கும். நீற்றிய பிறகு சூடு அடங்குமே தவிர காரம் அடங்காது. ஆகவே தண்ணீர் தெளித்துப் பார்த்தேன், கொதிக்கவில்லை, ஆபத்தில்லை என்று நினைப்பது தவறு. இன்னொரு கேடும் உண்டு. எச்சத்திலுள்ள யூரிக் அமிலம் ஈரத்தில் சிதைந்து அம்மோனியாவாகிறது. காரம் ஏற ஏற அது வாயுவாக வெளியேறும் வேகமும் கூடும். நாற்றம் போகட்டும் என்று தூவியது, கோழியின் கண்ணையும் மூச்சுக் குழலையும் எரிக்கும் காற்றைத்தான் அதிகமாக்குகிறது. நனைந்த சாம்பலும் காரநீர்தான். பிளீச்சிங் பவுடரின் குளோரினைச் சேற்றிலுள்ள எச்சமும் குப்பையும் சீக்கிரமே செலவழித்துவிடும். அம்மோனியாவோடு சேர்ந்தால் அதுவே நச்சுப் புகை.

“காலங்காலமாகச் சுண்ணாம்பு போடுகிறோமே, கிருமி சாகிறதே” என்று கேட்பார்கள். கிருமி சாவது உண்மைதான். கோழிகளை வெளியேற்றி, எச்சத்தை வழித்தெடுத்து, கழுவிக் காயவிட்ட கொட்டகையில் சுண்ணாம்பு அடிப்பதை நான் மறுக்கவில்லை. பழைய வழக்கத்தின் நியாயமும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் மழைக்காலத்தில் குஞ்சுகளை வாரிக்கொண்டு போகும் இரத்தக் கழிச்சலைப் பாருங்கள். எச்சத்தோடு வெளியே வரும் அதன் முட்டைக்கூடு உடனே நோயைத் தருவதில்லை. ஈரமும் வெதுவெதுப்பும் காற்றும் கிடைத்தால் ஓரிரு நாளில் முற்றி, அதைக் கொத்தும் குஞ்சுக்கு நோயாகிறது. குளோரின் போன்ற வழக்கமான கிருமிநாசினிகளுக்கு அந்தக் கூடு அசைந்து கொடுக்காது. தரை உலர்ந்தால் அது முற்றும் வாய்ப்புக் குறைகிறது. காலில் ஆணிப் புண் வருவதும், தேங்கிய நீரில் பெருகும் கொசு அம்மையைப் பரப்புவதும் ஈரத்தோடு ஒட்டிய சங்கதிகளே.

ஆகவே செலவழிக்க ஒரு தொகைதான் கையில் இருக்கிறது என்றால், நான் அதைக் கூரை ஓரத் தூம்புக்குத்தான் கொடுப்பேன், பி.வி.சி. குழாயை நீளவாக்கில் பிளந்து கட்டினாலும் வேலை நடக்கும். அடுத்தது மேட்டுப் பக்கம், வேலிக்கு வெளியே, மழைநீரைத் திருப்பிவிடும் ஒரு வாய்க்கால். பட்டிக்குள் பத்தடிக்கு இரண்டு அங்குலம் சரிவு இருந்தால் போதும். வடிந்து வருவது எச்சத் தண்ணீர் என்பதால் கிணற்றுப் பக்கமோ ஆழ்துளைக் கிணற்றுப் பக்கமோ விடாமல், வாழைக்கோ தென்னைக்கோ திருப்பிவிட வேண்டும். பட்டி முழுவதற்கும் கூரை போடக் கட்டுப்படியாகாது என்பது நியாயமான ஆட்சேபம்தான். முழுவதும் தேவையில்லை. கோழிகள் கூடி நிற்பது வாசலிலும் தீனித் தொட்டியடியிலும் தண்ணீர்க் கிண்ணத்தைச் சுற்றியும்தான். அந்த இடங்களை மட்டும் மறைத்தாலே பாதிச் சேறு உண்டாகாது.

இதற்குப் பிறகுதான் காலடிப் பொருள். இங்கேதான் மலிவு பார்த்து ஏமாறுகிறோம். நீரை உறிஞ்சும் பொருள் கூரைக்குள் நல்லது, திறந்த வெளியில் கெட்டது. தென்னை நார்க்கழிவு தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்துக்கொள்ளும். கொட்டகைக்குள் அருமையான படுக்கை, மழையில் அதுவே கஞ்சி. மரத்தூளும் அப்படித்தான். உமி மிதந்து ஓடிவிடும். வைக்கோல் படிந்து, பூசணம் பிடித்து, கோழியின் நுரையீரலைக் கெடுக்கும். வெளியே வேண்டியது நடுவே இடைவெளி விட்டு நிற்கும் பருமனான பொருள்: கையகலமாக வெட்டிய தேங்காய் மட்டை, மரச் சில்லு, கழித்த கிளைகளின் துண்டு. மேல் சகதியை மண்வெட்டியால் வழித்துவிட்டு அரையடி உயரத்துக்குப் போடலாம். லாரியில் வரும் ‘கிராவல்’ பெரும்பாலும் களி கலந்த செம்மண். அடுத்த மழையில் அதுவும் சேறுதான். மணல் என்றால் தூள் இல்லாத பருமணல். கரிசல் தரையில் அதையும் நேரே கொட்டினால் களிக்குள் புதைந்துவிடும், அடியில் முக்கால் ஜல்லி பரப்பினால் தாங்கும். இடிபாட்டுக் கற்களை மலிவென்று கொண்டுவராதீர்கள். ஆணியையும் கண்ணாடித் துண்டையும் கம்பியையும் கோழி கொத்தி விழுங்கும். பெயின்ட் அடித்த பலகையும் மருந்தேற்றிய மரமும் வேண்டவே வேண்டாம்.

சிமென்ட் தளம் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்பாரும் உண்டு. வாசலடியில் நாலடிக்கு நாலடி போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பட்டி முழுவதும் போட்டால் கோழி கிளற மண் இருக்காது, எச்சம் வழுவழுவென்று படியும், கடினத் தரையில் பாதமும் தேயும். மட்டையும் சில்லும் மட்கித் தாழும் என்பது உண்மை. மழைக்காலம் முடிந்ததும் வாரி எடுத்துக் குவித்து மட்கவிட்டால் உரம், பட்டிக்கு மறுபடி புதியதைப் போட வேண்டியதுதான். சகதியை வழிக்கும்போது முகக்கவசமும் கையுறையும் பூட்ஸும் போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். வழித்ததைப் பச்சையாகவே கீரைப் பாத்தியில் கொட்டவும் வேண்டாம்.