பாட்டில் உன் பேர்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் பேண்டின் முதல் பாட்டு வெளிவரப் போகிறது என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் உன் கடிதத்தின் கடைசிப் பகுதி என்னை விடவில்லை. பாட்டின் தொடக்கத்தில் வரும் கீபோர்டு மெட்டு நீ போட்டது. இசை என்ற இடத்தில் பாடுபவர் பேர் மட்டும்தான் வரப் போகிறது. கேட்டால் நட்பு கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். கேள், தங்கை. பாட்டு வெளிவருவதற்கு முன்பே கேள். நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு உன்னைப் போன்ற ஒரு கீபோர்டுக்காரரின் கதையைச் சொல்கிறேன்.

1967, லண்டன். புரோக்கல் ஹேரம் என்ற ராக் இசைக்குழு அப்போதுதான் உருவாகியிருந்தது. வரிகளை எழுதியவர் கீத் ரீட், இசையமைத்துப் பாடியவர் கேரி புரூக்கர். ‘எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்’ என்ற பாட்டை அவர்கள் ஏற்கெனவே போட்டு வைத்திருந்தார்கள். ஹேமண்ட் ஆர்கன் வாசிக்க மேத்யூ ஃபிஷர் வந்து சேர்ந்தார். மூவருக்கும் இருபது, இருபத்தொரு வயது. ஜெர்மானிய மேதை பாஹின் இசைச் சாயலில் ஃபிஷர் எட்டு பார் நீளத்துக்கு ஓர் ஆர்கன் மெட்டைப் போட்டார். பாட்டு அதில்தான் தொடங்குகிறது, சரணங்களுக்கு நடுவில் அதற்குத்தான் திரும்புகிறது. மே மாதம் வெளியாகி, ஜூனில் பிரிட்டனில் முதலிடம் பிடித்து ஆறு வாரம் அங்கேயே நின்றது. உலகத்தில் அந்தப் பாட்டை நினைக்கிறவர்களில் பெரும்பாலோருக்கு முதலில் காதில் ஒலிப்பது அந்த ஆர்கன்தான். இசைத்தட்டில் ஆக்கியோர் என்று இருந்ததோ ரீட், புரூக்கர் என்ற இரண்டு பேர்கள் மட்டுமே.

இதில் நீ தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. இசைத்தட்டில் வாசித்த குழு உறுப்பினருக்கு அந்தப் பதிவு விற்பதிலிருந்து பங்கு வரும். பாட்டை ஆக்கியவருக்கு வரும் பங்கு வேறு. யார் மறுபடி பாடினாலும், எந்த வானொலி ஒலிபரப்பினாலும், எந்தப் படத்தில் சேர்த்தாலும் அது வந்துகொண்டே இருக்கும். ஃபிஷருக்கு முதலாவது கிடைத்தது, இரண்டாவது கிடைக்கவில்லை.

1969-ல் அவர் குழுவை விட்டார். பின்னால் கணினி நிரல் எழுதும் வேலைக்குப் போனார். 1990-களில் குழு மறுபடி கூடியபோது திரும்பி வந்து, அதே மெட்டை அதே புரூக்கர் பக்கத்தில் மேடை மேடையாக வாசித்தார். அந்த வருடங்களைத்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். ஒவ்வொரு கச்சேரியிலும் கூட்டம் எழுந்து கைதட்டுவது தன் எட்டு பாருக்கு. எழுத்தில் அது தன்னுடையது இல்லை. அப்படியொரு மேடையில் சிரித்த முகத்தோடு நிற்பது எப்படிப்பட்ட பாரம்!

2005-ல் வழக்குப் போட்டார். முப்பத்தெட்டு வருடம் கழித்து. பாட்டு அவர் வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது, குழுவில் வாசிக்கும் எவரும் தன் பங்குக்கு ஏதாவது சேர்க்கத்தான் செய்வார் என்பது புரூக்கர் தரப்பின் வாதம். அதையும் தள்ளிவிட முடியாது. நாளை உன் குழுவில் ஒருவர் இதையேதான் சொல்வார், நீ பதில் யோசித்து வைத்திருக்க வேண்டும். 2006-ல் உயர் நீதிமன்றம் இசையின் உரிமையில் 40 சதவீதம் ஃபிஷருடையது என்றது. 2008-ல் மேல்முறையீட்டில் அவரைக் கூட்டு ஆக்கியோர் என்று ஒப்புக்கொண்டு, இவ்வளவு தாமதமாக வந்ததால் பணம் கிடையாது என்றார்கள். 2009-ல் கடைசி மேல்முறையீட்டில் பிரபுக்கள் சபை 40 சதவீதத்தை மீட்டுக் கொடுத்தது. ஆனால் வழக்குத் தொடுத்த நாளிலிருந்து மட்டும். அதற்கு முந்தைய முப்பத்தெட்டு வருடக் கணக்கு போனது போனதுதான். 2022-ல் புரூக்கர் இறந்தார், அடுத்த ஆண்டு ரீட். இருபது வயதில் ஒரு ரிகர்சல் அறையில் பேசியிருக்க வேண்டியதை அறுபது வயதில் வழக்கறிஞர்கள் பேசினார்கள்.

பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’ பாட்டில் வார்த்தையே இல்லாமல் பாடிய கிளேர் டோரிக்கும் இதே கதைதான். 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூலி 30 பவுண்டு. 2004-ல் வழக்கு, மறு ஆண்டு சமரசம். அதற்குப் பிறகே ஆக்கியோர் வரிசையில் அவர் பேர் ஏறியது.

பணத்தாலும் பேராலும் ஆறாத கசப்பு ஒன்றும் இருக்கிறது: குழுவிலிருந்தே நீக்கப்படுவது. பீட்டில்ஸின் டிரம்மராக இரண்டு வருடம் ஹாம்பர்க்கிலும் லிவர்பூலிலும் இரவு இரவாக வாசித்தவர் பீட் பெஸ்ட். 1962 ஆகஸ்ட் 16 அன்று மேலாளர் பிரையன் எப்ஸ்டீன் அவரைக் கூப்பிட்டு, குழுவில் இனி இடமில்லை என்றார். கூட வாசித்த மூவரில் ஒருவர்கூட அந்த அறையில் இல்லை. அக்டோபரில் முதல் இசைத்தட்டு வந்தது. பெஸ்ட் பின்னாளில் அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்தார். 1995-ல் ‘ஆந்தாலஜி’ தொகுப்பில் அவர் வாசித்த பழைய பதிவுகள் சேர்ந்து, பெருந்தொகை கைக்கு வந்தது. அதே தொகுப்பின் அட்டையைப் பார்: பழைய குழுப் படத்தில் அவர் முகம் இருந்த இடத்தைக் கிழித்து, அங்கே அவருக்குப் பதிலாக வந்த ரிங்கோவின் முகம். டிரம்மரை மாற்றியது இசைக்கு நல்லதாகவே இருந்திருக்கலாம், அதைப் பற்றி எனக்கு வழக்கில்லை. ஆனால் அவரை நீக்கிய விதத்தில் நாங்கள் கோழைகளாக இருந்தோம் என்று ஜான் லெனனே பிற்பாடு ஒப்புக்கொண்டார். நீக்குகிறோம் என்று பெஸ்டின் முகத்துக்கு நேரே சொல்ல அந்த மூவருக்கும் அப்போது துணிவு வரவில்லை.

வெற்றி வந்தால் இந்தக் காயம் ஆறிவிடும் என்று நினைக்காதே. 1983 ஏப்ரலில் மெட்டாலிகா குழு நியூயார்க்கில் டேவ் மஸ்டைனை நீக்கி பஸ் ஏற்றிவிட்டது. அவர் மெகாடெத் என்ற குழுவைத் தொடங்கி, கோடிக்கணக்கில் இசைத்தட்டுகள் விற்றார். ஆனாலும் இருபது வருடம் கழித்து வந்த ஓர் ஆவணப்படத்தில், மெட்டாலிகாவின் லார்ஸ் அல்ரிக்குக்கு எதிரே உட்கார்ந்து அதைப் பேசும்போது அவர் குரல் உடைகிறது.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. ரோலிங் ஸ்டோன்ஸின் முதல் பியானோக்காரர் இயன் ஸ்டூவர்ட்டை, தோற்றம் பொருந்தவில்லை என்று 1963-ல் புதிய மேலாளர் குழுவின் வரிசையிலிருந்து எடுத்தார். எனக்கு அது இன்றும் அநியாயமாகத்தான் படுகிறது. ஆனால் குழு அவரை விடவில்லை, அவரும் விடவில்லை. வண்டி ஓட்டினார், கருவிகளைத் தூக்கினார், பதிவிலும் மேடையிலும் பியானோ வாசித்தார். 1985-ல் இறக்கும்வரை கூடவே இருந்தார். 1989-ல் ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபத்தில் குழுவைச் சேர்த்தபோது, அவர் பேரும் சேர வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். பேண்டில் நீங்கள் நால்வரும் சேர்ந்திருக்கும்போது கேள், ஒருவரிடம் தனியாக முறையிடாதே. “இந்த மெட்டை எடுத்துவிட்டால் பாட்டு இதே பாட்டா?” என்று கேள். முழுப் பங்கு கேட்காதே, உன்னுடையதைக் கேள். ஒப்புக்கொண்டதை ஒரு தாளில் எழுதி நால்வரும் கையெழுத்துப் போடுங்கள். வரி யார், மெட்டு யார், பங்கு எவ்வளவு, ஒருவர் விலகினால் பழைய பாட்டுகளின் கதி என்ன, எல்லாம் அதில் இருக்கட்டும். நம் நாட்டில் 2012-ல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் நல்ல பாதுகாப்பு தருகிறது. ஆனால் ஆக்கியோர் என்று பேர் பதிவாகியிருந்தால்தான் அது சுலபமாகக் கைகொடுக்கும். ரிகர்சலில் போனில் பிடித்த பதிவுகள் எதையும் அழித்துவிடாதே. அன்று யார் எதை வாசித்தார்கள் என்பதற்குத் தேதியோடு சாட்சி அதுதான்.

முடியாது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று கேட்பாய். வருத்தப்படு, சண்டை போடு, தேவைப்பட்டால் விலகிவிடு. இருபத்திரண்டு வயதில் அதெல்லாம் தாங்கக்கூடியதுதான். பேசி முடித்ததும் எனக்கு ஒரு போன் போடு.

அன்புடன்,
உன் அண்ணன்