உப்பளக் கரையில் ஆப்பிரிக்கா

கேள்வி: கல்லூரியில் ஆப்பிரிக்கப் புலம்பெயர்வைத் துணைப்பாடமாக எடுக்கிறாளாம் மகள். நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?
– வாசகர், மரக்காணம்

பதில்: எடுக்கட்டும். உங்களூர் போலவே உப்பளத்துக்குப் பேர்போன இலங்கைப் புத்தளத்தின் பக்கத்தில் சிரம்பியடி என்றொரு சிற்றூர். ஐரோப்பியர்கள் அடிமைகளாகவும் சிப்பாய்களாகவும் கொண்டுவந்த ஆப்பிரிக்கர்களின் வாரிசுகள் அங்கே வாழ்கிறார்கள். பேசுவது சிங்களம், ‘மஞ்சா’ பாட்டில் மட்டும் போர்த்துகீசியக் கலப்பு மொழி ஒட்டிக்கொண்டிருக்கிறது. தேங்காய்ச் சிரட்டை, கரண்டி, புட்டி என்று கையில் கிடைத்ததெல்லாம் தாளம்.

நம் பக்கமும் ஆள் உண்டு. எத்தியோப்பியாவிலிருந்து அடிமையாக வந்த மாலிக் அம்பர், 1626-ல் சாகும்வரை முகலாயரைத் தக்காணத்தில் திணறடித்தார். ஆப்பிரிக்க வம்சாவளியினரான கர்நாடகச் ‘சித்தி’ மக்களுக்கோ பழங்குடித் தகுதி 2003-ல்தான் கிடைத்தது. பாடத்திட்டம் அட்லாண்டிக்கோடு நின்றுவிடுகிறதா, இந்தியப் பெருங்கடலும் உண்டா என்று சேருமுன் விசாரிக்கச் சொல்லுங்கள். வேலையா? அதற்கு முதன்மைப் பாடம் இருக்கிறதே!