கரைந்தொழியும் சாரம்

எமது விடுதிக்கு எதிரே எழும்பிவரும் கட்டடத்தைச் சுற்றிலும் சாரம் கட்டப்பட்டிருத்தலை நாள்தோறும் காண்கின்றோம். கொத்தர் அதன்மீது நின்று கல் அடுக்குவர். சுவர் தன் வலியால் நிற்கத் தொடங்கியபின் அதனை அவிழ்த்துவிடுவர். முந்தி அவிழ்ப்பின் வேலை கெடும். அவிழாதுவிடின் வீடு வீடாகாது. இவ்வெளிய உண்மையை மனித உடலினுள் கையாளும் மருத்துவ முறையொன்றைப்பற்றி ஈண்டுச் சிறிது ஆராய்வாம். உடலினுள் சாரத்தை அவிழ்க்கக் கொத்தன் புக முடியாது. ஆதலால் அது தானே கரைந்தொழிதல் வேண்டும்.

இரத்தக் குழாய்களைத் தைத்து இணைக்கும் முறையை வகுத்த அலெக்சிஸ் காரெல் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1912-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார். தைக்கும் முறை கைவந்தபின், கெட்டுப்போன குழாய்க்கு ஈடாக யாதனை வைப்பது என்னும் வினா எழுந்தது. நோயாளியின் காலிலிருந்தே ஒரு சிரையை எடுத்துப் பொருத்துதல் நன்று. ஆயினும் தக்க சிரை எல்லோரிடத்தும் கிடைப்பதன்று. 1950-களில் டெக்ரான் என்னும் செயற்கை இழையால் ஆகிய குழாய்கள் வழக்கிற்கு வந்தன. பெருங்குழாய்கட்கு இவை நன்கு பயன்படுகின்றன. எனினும் இரு குறைகள் உள. குறுக்களவு 6 மில்லிமீட்டருக்குக் குறையின் இரத்தம் எளிதில் உறைந்து வழியை அடைத்துவிடும், இஃதொன்று. உயிரற்ற குழாய் வளராது, இது மற்றொன்று. இருதயக் குறையோடு பிறந்த குழந்தைக்கு அதனைப் பொருத்தின், பிள்ளை வளருங்கால் குழாய் போதாமற் போய், மீண்டும் மார்பைத் திறக்க வேண்டிவரலாம்.

இதற்குப் பரிகாரமாகவே கரையும் சாரத்தை அறிஞர் நாடினர். பாலிகிளைக்காலிக் அமிலம், பாலிலாக்டிக் அமிலம் முதலியன, சிறு மூலக்கூறுகள் மணிபோற் கோக்கப்பட்ட நெடுஞ்சங்கிலிகள். உடலிலுள்ள நீர் அச்சங்கிலியின் கண்ணிகளைப் படிப்படியாக அறுக்கும். லாக்டிக் அமிலம் பால் புளித்துத் தயிராகுங்கால் தோன்றுவது. கிளைக்காலிக் அமிலமோ கரும்பிலும் உள்ளது. ஆதலின் அறுந்த துண்டுகள் உடலின் இயல்பான வினைகளிற் கலந்து, பெரும்பாலும் கரியமில வாயுவும் நீருமாய் நீங்குகின்றன. 1970-களிலிருந்தே இரண வைத்தியர் இப்பொருள்களைத் தாமே கரையும் தையல் நூலாக ஆண்டுவருகின்றனர்.

நல்ல சாரத்திற்கு வேண்டிய இலக்கணம் மூன்று. ஜீவ அணுக்கள் புகுந்து குடியேறுதற்கு நுண்துளைகள் வேண்டும். இரத்தத்தின் அழுத்தத்தைத் தாங்கும் உறுதி வேண்டும். புதுத் திசு வலுப்பெறும் அளவிற்கே தான் வலிகுன்றும் காலப் பொருத்தம் வேண்டும். மூன்றனுள் இறுதியதே மிக அரிது.

1999-ஆம் ஆண்டில் ஜப்பானிலே தோக்கியோ நகரத்தில் ஷின்ஓக்கா என்னும் வைத்தியரும் அவர்தம் குழுவினரும் நான்கு வயதுப் பெண்குழந்தை ஒருத்திக்கு இம்முறையைக் கையாண்டனர். அவளுடைய நுரையீரலுக்குச் செல்லும் குழாயின் ஒரு கிளை முற்றும் அடைபட்டிருந்தது. அவளது சிரையொன்றின் சிறு துண்டிலிருந்து அணுக்களைப் பெருக்கி, கரையும் பொருளாலாகிய குழாயில் விதைத்து, அடைபட்ட இடத்திற் பொருத்தினர். ஏழு மாதங்களுக்குப் பின்னும் தீங்கொன்றும் காணப்படவில்லை. பின்னர் எலும்பு மச்சையின் அணுக்களைக் கொண்டு 25 நோயாளிகட்கு இவ்வாறு குழாய் அமைத்தனர். அவர்களைப்பற்றி 2010-இல் வெளிவந்த அறிக்கையின்படி, குழாயின் கேட்டால் இறந்தார் ஒருவருமிலர். நால்வர்க்குக் குழாய் சுருங்கியது. அது பலூன் கொண்டு விரிக்கப்பட்டது.

விதைத்த அணுக்களே வளர்ந்து குழாயாயின என்று யாரும் கருதுவர். ஆனால் சுண்டெலிகளில் ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட முடிபு வேறு. விதைத்த அணுக்கள் சின்னாளில் மறைந்துபோகின்றன. அவை விடுத்த அழைப்பைக் கேட்டு வந்த உடலின் சொந்த அணுக்களே குழாயைக் கட்டுகின்றன. அழற்சியாகிய அவ்வழைப்பு மிகுமாயின் குழாய் சுருங்கும். இச்சுருக்கம் செம்மறியாடுகளில் நாளடைவில் தானே நீங்குதல் 2020-இல் வெளியிடப்பட்டது. ஆகவே, வேலையாளை அழைத்து இடங்கொடுத்தலே மருத்துவன் தொழில், கட்டுவது உடலே.

பிற உறுப்புக்களிலும் இந்நெறி பயன்பட்டுள்ளது. 1981-இல் அமெரிக்காவில் பர்க், யன்னாஸ் என்னும் இருவர், மாட்டின் கொலாஜனையும் சுறாக் குருத்தெலும்பின் பொருளையும் சேர்த்த சாரத்தால் தீப்புண்ணில் உட்தோல் வளரச் செய்தமையை வெளியிட்டனர். மேலும், கரையும் வலையில் மனித அணுக்களை வளர்த்து, பின்னர் அவ்வணுக்களையும் கழுவி நீக்கிச் செய்த குழாயொன்று, காயமுற்ற கைகால்களின் தமனிக்கு ஈடாக 2024 டிசம்பரில் அமெரிக்க அரசாங்கத்தின் அனுமதி பெற்றது.

சாரம் என்னும் சொல், கட்டடத்தாங்கி எனவும் உள்ளீடு எனவும் நம்மொழியில் இருபொருள்படும். உடலினுள் வைத்த சாரம் முதற்பொருளதே. இரண்டாவதை உடலே தருகின்றது. ஒரு குழந்தையின் மார்பை இரண்டாமுறை திறவாமற் காப்பதற்கு, சாரம் எப்போது விலகவேண்டும் என்பதைச் செவ்வனே கணித்தல் வேண்டும். அக்கணக்கினையே அறிஞர் இன்றும் பயின்று வருகின்றனர்.