விசாரணையின்றிக் காவல்: சுங்கை சிப்புட் காட்டும் வரலாறு

தமிழில் நாம் ‘சிறை’ என்ற ஒரே சொல்லால் குறிப்பதை நம் நாட்டுச் சட்டம் இரண்டாகப் பிரிக்கிறது. நீதிமன்றம் குற்றவாளியெனத் தீர்ப்பளித்த பின் அனுபவிப்பது சிறைத்தண்டனை. விசாரணையே இல்லாமல் அடைத்து வைப்பது தடுப்புக் காவல். இவ்விரண்டாவதன் வரலாற்றைத் தேடிப் படித்தபோது அது என்னைப் பேராக் மாநிலத்தின் ரப்பர் தோட்டங்களுக்கே அழைத்துச் சென்றது.

1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில், பின் சூன் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். உடனே அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. விசாரணையின்றித் தடுத்து வைக்கும் அதிகாரமும் வந்தது. 1960இல் அவசரகாலம் முடிந்தது, அதிகாரம் முடியவில்லை. அதே ஆண்டில் அது இசா எனும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமாக நிலைபெற்றது. இசா கைதிகள் வைக்கப்பட்ட கமுந்திங் முகாம் தைப்பிங் அருகில் உள்ளது.

2007 டிசம்பரில் ஹிண்ட்ராப் தலைவர்கள் ஐவர் அங்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் ஒருவரான வழக்கறிஞர் மனோகரன், காவலில் இருந்தபடியே 2008 மார்ச் தேர்தலில் சிலாங்கூரின் கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியில் வென்றார். இது எப்படி இயலும் என்று வியப்போர் அரசியலமைப்பின் 48ஆம் பிரிவைப் பார்க்கலாம். ஓராண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனை பெற்றவர் விடுதலையாகி ஐந்தாண்டுகள் வரை நாடாளுமன்ற உறுப்பினராக முடியாது. தடுப்புக் காவலில் இருப்பவருக்கோ தீர்ப்பே இல்லை. ஆகவே தடையும் இல்லை. நீதிமன்றத்தை ஒதுக்கிய சட்டம், தன்னை அறியாமலேயே ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தது!

அதே 2008 தேர்தலில் சுங்கை சிப்புட்டில் டத்தோஸ்ரீ சாமிவேலுவைத் தோற்கடித்தவர் மலேசிய சோசலிசக் கட்சியின் டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ். ஈப்போ பொது மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் அவர். 2011 ஜூலையில், பெர்சே பேரணிக்குச் சில நாள்களுக்கு முன், அவரும் கட்சித் தோழர்கள் ஐவரும் 1969ஆம் ஆண்டு அவசரகாலச் சட்டத்தின் கீழ்த் தடுத்து வைக்கப்பட்டு, ஜூலை 29இல் விடுவிக்கப்பட்டனர்.

காவல்துறையை ஆராய்ந்த அரச ஆணையம் அந்தச் சட்டத்தை நீக்குமாறு 2005இலேயே பரிந்துரைத்திருந்தது. ஆறாண்டுகள் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அறுவர் விடுதலையான இரண்டே மாதத்தில், 2011 செப்டம்பர் 15 அன்று, பிரதமர் நஜிப் இசாவையும் அவசரகாலப் பிரகடனங்களையும் அகற்றப் போவதாக அறிவித்தார். பெர்சே எழுச்சியும் தேர்தல் கணக்கும் இதற்குக் காரணங்கள்தாம். எனினும் உள்ளே இருந்து வந்தவர் பேசும்போது, ஆணைய அறிக்கைக்கு இல்லாத கனம் வந்துவிடுகிறது என்றே நான் கருதுகிறேன். அந்த ஆண்டின் இறுதியில் பிரகடனங்களை மக்களவை ரத்து செய்தபோது ஜெயக்குமாரும் அதன் உறுப்பினரே.

அத்துடன் கதை முடிந்திருந்தால் நன்று. அவசரகாலச் சட்டத்தில் சிக்கியவர்களுள் பெரும்பாலோர் அரசியல்வாதிகள் அல்லர். குண்டர் கும்பலில் இருந்ததாகச் சந்தேகிக்கப்பட்டுச் சிம்பாங் ரெங்கத்தில் வைக்கப்பட்டவர்கள். 2012இல் அவர்கள் வெளிவந்ததும் குற்றம் பெருகியதற்கு அவர்களே காரணம் எனக் கூறப்பட்டது. 2013இல் குற்றத் தடுப்புச் சட்டம், அதாவது பொக்கா, திருத்தப்பட்டது. பழைய சட்டத்தில் போலீஸ் காவல் 60 நாள். புதியதில் 21உம் 38உம் சேர்ந்து 59 நாள். முன்பு அமைச்சர் கையெழுத்திட்ட இரண்டாண்டுத் தடுப்பாணையை இப்போது ஒரு வாரியம் இடுகிறது. மற்றபடி மாற்றத்தைக் காண நான் சிரமப்பட்டேன்.

பொக்கா இன்றும் நடப்பில் உள்ளது. அதில் கண்காணிப்பு ஆணை பெறும் இளைஞன் குறிப்பிட்ட மாவட்டத்தை விட்டு நகரக்கூடாது; குறித்த நேரத்தில் காவல் நிலையத்தில் முகம் காட்ட வேண்டும்; உடலில் மின்னணுக் கருவியும் பொருத்தப்படலாம். அவன் கோலாலம்பூரில் நாடாளுமன்றக் குழுவின் முன் வந்து தன் அனுபவத்தைச் சொல்ல விரும்பினாலும், முதலில் போலீசாரிடம்தான் அனுமதி கேட்க வேண்டும்.