பி.எட். படிக்கச் சென்னைக்கு வருபவர் எங்கே தங்குவது?

தென்காசியிலிருந்தோ அரியலூரிலிருந்தோ பி.எட். படிக்கச் சென்னைக்கு வருகிறவர்கள் கல்லூரி வாசலுக்குப் பக்கத்தில்தான் முதலில் அறை தேடுவார்கள். மற்ற படிப்புகளுக்கு அது சரி. பி.எட்.டுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. இந்த இரண்டாண்டுப் படிப்பில் 20 வாரம் பள்ளிகளில் கழிகிறது: முதலாண்டில் 4, இரண்டாமாண்டில் 16. அந்தப் பள்ளி கல்லூரிக்கு எதிர்த்தெருவிலும் இருக்கலாம், இரண்டு பஸ் மாறிப் போகிற தொலைவிலும் இருக்கலாம். வகுப்புகளுக்கு 80 சதவீத வருகை போதும். பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம் வேண்டும். வாரம் ஐந்து நாள் என்றால் 16 வாரத்துக்கு 80 நாள். அதில் எட்டு நாள்தான் விடுப்பு. காய்ச்சல், ஊர்க்கொடை, அக்கா கல்யாணம் எல்லாம் அந்த எட்டுக்குள் அடங்க வேண்டும்.

ஆகவே எந்தப் பேட்டை என்பதைவிட எந்த ரயில் தடம் என்று பார்ப்பது நல்லது. 1856இல் தொடங்கிய சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் இடம் கிடைத்தவருக்குக் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் இருக்கிறது. குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் தங்கிக்கொண்டு சீசன் டிக்கெட்டில் வந்துபோனால், நகரின் நடுவே தங்குவதைவிடச் செலவு குறையும். காமராஜர் சாலையில், விவேகானந்தர் இல்லத்துக்கு அருகே உள்ள லேடி வெலிங்டன் கல்லூரியில் சேரும் பெண்களுக்குப் பறக்கும் ரயில் தோது. திருவல்லிக்கேணி நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். அதே தடத்தில் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் வருகிறது; சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் ஆசிரியர் தகுதித் தேர்வுக்கு (டெட்) படிக்க அங்கே இடம் உண்டு. ஆனால் தரமணி, பெருங்குடி பக்கம் வாடகை ஐ.டி. சம்பளத்தைப் பார்த்து வைக்கப்படுவது. பயிற்சி ஆசிரியருக்குக் கட்டாது.

சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே முதல் டிக்கெட் இல்லை. மாதச் செலவில் இது பெரிய ஆறுதல். காலை எட்டரை மணி நெரிசலில், சுருட்டிய சார்ட்டையும் தெர்மாகோல் மாடலையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்பது வேறு விஷயம்.

தங்குமிடத்தில், கல்லூரி விடுதி கிடைத்தால் முதலாண்டுக்கு அதையே எடுத்துக்கொள்ளலாம். தண்ணீர் லாரி வரவில்லையே என்ற கவலை நிர்வாகத்தோடு போகும். இல்லையென்றால் தனியார் ஹாஸ்டல். அட்வான்ஸ் சிறியது, பிடிக்காவிட்டால் மாதக் கடைசியில் பெட்டியைக் கட்டிவிடலாம். சேருமுன் வைஃபை பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். காலை டிபன் எத்தனை மணிக்கு என்று கேட்பவர் குறைவு. எட்டரைக்கு இட்லி வைக்கும் ஹாஸ்டலில் இருந்தால் இறைவணக்கத்துக்குப் பள்ளியில் நிற்க முடியாது. இரவு எத்தனை மணிக்கு விளக்கை அணைப்பார்கள், சார்ட் விரித்து வரையத் தரையில் இடம் இருக்கிறதா என்பதும் முக்கியம். ஆண்களுக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் பழைய புகலிடம். ராயப்பேட்டை மெஸ்டன் கல்லூரிக்கு அங்கிருந்து நடந்தே போகலாம். ஆனால் லெசன் பிளான் எழுத மேசை போட அந்த அறைகள் பெரும்பாலும் இடம் தருவதில்லை.

சொந்தக்காரர் வீடு? இரண்டு வாரத்துக்குச் சரி.

இரண்டாமாண்டுக்கு மூன்று நான்கு பேர் சேர்ந்து வீடு எடுப்பதுதான் மேல். வெவ்வேறு மேஜர் படிப்பவர்களாக இருந்தால் இன்னும் நல்லது. கணக்கு டீச்சராகப் போகிறவர், கூடத் தங்குபவர் நடத்திப் பார்க்கும் ஒளிச்சேர்க்கைப் பாடத்தை மாணவர்போல உட்கார்ந்து கேட்டால், விளக்கம் எங்கே புரியவில்லை என்பது அப்போதே தெரிந்துவிடும். எந்தெந்தப் பள்ளிகளுக்குக் கல்லூரி அனுப்புகிறது என்று சீனியர்களைக் கேட்டுவிட்டுத் தெருவை முடிவு செய்யலாம்.

அட்வான்ஸ்தான் சிக்கல். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது சென்னையின் பழைய பழக்கம். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. அந்த ‘ஒப்புக்கொள்ளாவிட்டால்’ வீட்டுக்காரருக்கு வசதியான ஓட்டை என்பதால், கையெழுத்துக்கு முன் முழுவதும் படிக்க வேண்டும். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. அப்படிப் பிடிப்பார்களா, எவ்வளவு என்பதையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லிவிடலாம்.